பொன் பூசிய மரத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள்

என் பட்டறைக்குச் சீர்செய்ய வரும் பழைய பிரெஞ்சு மெழுகுவர்த்தித் தாங்கிகளில், பூச்சி அரித்துக் கெட்டவற்றைவிட நல்லெண்ணத்தோடு துடைக்கப்பட்டுக் கெட்டவையே அதிகம். தேவாலயப் பலிபீடங்களில் நின்ற இவை மரத்தில் செதுக்கித் தங்க ரேக்கு, அதாவது மிக மெல்லிய பொன் தகடு, ஒட்டப்பட்டவை. பார்வைக்கு உலோகமாகவே தோன்றுவதால், குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் துலக்கிவிடுகிறார்கள். உலோகத்தின் இடத்தில் இந்தக் கலை நின்றதும் உண்டு. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1689இல் போர்ச் செலவுக்காக வெர்சாய் அரண்மனையின் வெள்ளிச் சாமான்களை உருக்கிவிட்டார். அங்குள்ள கண்ணாடி மண்டபத்துக்கு 1770இல் இளவரசரின் திருமணத்தையொட்டிச் செய்யப்பட்ட விளக்குத் தாங்கிகள் பொன் பூசிய மரத்தாலானவை.

சென்ற ஆண்டு ஒரு ஜோடி வந்தது. மூன்று பாதங்கள், இலைச் செதுக்கல், உச்சியில் மெழுகுவர்த்தியைக் குத்தி நிறுத்தும் இரும்பு முள். ஒன்று பழுப்பேறிய பொன்னிறத்தில் இருக்க, மற்றொன்றில் இலைகளின் மேடுகள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்ததாகவும், துணி சிவந்ததைக் கண்டு அவ்வளவு அழுக்கு என்று வியந்ததாகவும் உரிமையாளர் சொன்னார். அந்தச் சிவப்பு அழுக்கன்று.

மரத்தின்மேல் விலங்குத்தோலைக் காய்ச்சிய வச்சிரப் பசையில் குழைத்த சுண்ணப்பொடியைப் பல பூச்சுகளாகப் பூசி இழைத்து, அதன்மேல் செங்களிமண் தடவி, நீரால் நனைத்து ரேக்கைப் படியவைத்து, அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். வச்சிரம் நீரில் இளகும். ஆகவே ஈரம் பட்டால் பொன், களிமண், சுண்ணம் என்று வரிசையாகக் கழன்றுவரும். எண்ணெய்ப் பசையில் ஒட்டிய ரேக்கு சற்றுத் தாங்கும் என்றாலும், இரண்டு முறைகளும் ஒரே பொருளில் கலந்திருப்பதுண்டு என்பதால் வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். மேடுகளில் சிவப்பு இலேசாகத் தெரிவது இயல்பான தேய்மானம். அதை மறைக்கக் கடையில் விற்கும் பொன்வண்ணப் பெயிண்டைப் பூசினால், அதிலுள்ள பித்தளைத் தூள் சில ஆண்டுகளில் கறுத்துவிடும், பின்னர் அதை அகற்றும்போது அசல் பொன்னும் சேர்ந்து போகக்கூடும். மின்விளக்காக்கத் தண்டில் துளையிடுவதைப் பற்றி நான் பேசாமலிருப்பதே நல்லது.

அந்த ஜோடியில் தூக்கி நின்ற சில்லுகளை மீன்பசையால் படியவைத்தேன். புதிய ரேக்கு பழையதன் அருகில் பளிச்சென்று உறுத்தும் என்பதால், வெளுத்த மேடுகளுக்குச் சாயம் மட்டும் தொட்டேன். உரிமையாளர் இப்போது அந்தத் தாங்கியின் வெளுத்த பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறார்.