நாலு கோட்டுக் காளைக்கு ஏன் மூணு வாரம்?

போன மாதம் சென்னையில் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கும் ஒருவர் லோகோ கேட்டு வந்தார். நெட்டில் எடுத்த ஒரு காளைப் படத்தைப் போனில் காட்டினார், வட்டமும் கோணமுமாக நாலு கோட்டில் நின்றது. "இதையே போட்டுக் கொடுங்க சார், நாலு கோட்டுக்கா மூணு வாரம்?"

அது ஓவியர் பிக்காசோ வரைந்த காளையின் தூரத்துச் சொந்தம். 1945 டிசம்பரில் பாரிசில் ஒரு லித்தோ (கல்லில் வரைந்து அச்சடிக்கும் முறை) அச்சுக்கூடத்தில் அவர் ஒரு காளையை வரைய ஆரம்பித்து, அடுத்த ஜனவரி வரை சுரண்டியும் திருத்தியும் 11 நிலைகளில் அச்செடுத்தார். முதலில் சதையும் கனமுமாக நிற்கும். நடுவில் கசாப்புக் கடையில் கூறு போட்டது போல உடம்பெல்லாம் கோடு. கடைசியில் சில கோடுகளும் பொட்டளவு தலையும் கொம்பும்தான். கடைசிப் படத்தை மட்டும் பார்த்தால் என் மகன்கூட வரைவான் என்று தோன்றும், தோன்றட்டும்.

"சரி, உங்க படத்துல திமில் எங்கே?" என்று கேட்டேன். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இல்லை. அது வெளிநாட்டுக் காளை.

அப்புறம் திமிலோடு ஒரு காளையை வரைந்து, ஒவ்வொன்றாகக் குறைக்கும் வேலை தொடங்கியது. கண்ணை எடுத்தேன், குளம்பை எடுத்தேன், வாலையும் எடுத்தேன், ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை. கழுத்துக்கடியில் தொங்கும் அலைதாடியை எடுத்தும் காளை காளையாகவே இருந்தது. திமிலை எடுத்ததும், டீ குடித்துக்கொண்டிருந்த உதவியாளர், "என்ன சார், பன்றியா?" என்றார். திமில் திரும்பி வந்தது. பாட்டில் மூடி அளவுக்கு அச்சடித்துப் பார்த்தால் கால்களுக்கு நடுவே மை அடைத்துக்கொண்டது, அதனால் நாலு கால் இரண்டானது. இதெல்லாம் சேர்ந்துதான் மூணு வாரம்.

நெட்டில் கிடைக்கிற படம் யாருக்கும் சொந்தமில்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். நம் சட்டப்படி ஓவியருடைய ஆயுளோடு இன்னும் 60 வருடம் பதிப்புரிமை (காப்பிரைட்) உண்டு, பிக்காசோ இறந்தது 1973இல், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத டிசைனர் போட்ட படத்துக்கும் உரிமை உண்டு, லேபிள் அடித்து, போர்டு வைத்து, ஊரெல்லாம் பழகிய பிறகு நோட்டீஸ் வந்தால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

கடைக்காரர் முடிந்த படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "வால் வைங்க சார். செக்கு மாட்டுக்குப் பின்னாலயே நடந்து வளர்ந்தவன் நான். வால் இல்லாம அது எப்படி ஈ ஓட்டும்?"

ஒரு கோடு கூட்டினேன்.