கோட்டுருவில் கடத்தல் எதற்கு?

“முகவர் அறிவு வரைபடக் கடத்தல் கருவியை அழைத்து, உரிய விளிம்புகளைக் கடத்தி விடையைப் பெறலாம்.” பெங்களூரில் மென்பொருள் ஆவணங்களைத் தமிழாக்கும் எங்களிடையே சுற்றிவரும் வாக்கியம் இது. ஆளுக்கு ஆள் வால் மாறும், தலை மாறும். நடுவிலிருக்கும் கடத்தல் மட்டும் அசைவதில்லை. தேவனஹள்ளி விமான நிலையத்தில் சுங்கத்துறை எழுத வேண்டியதை நாம் ஏன் எழுதிக்கொண்டிருக்கிறோம்?

சொல்ல வந்தது நாலெட்ஜ் கிராஃப் டிராவர்சல்: தகவல்களைப் புள்ளிகளாகவும் அவற்றின் உறவுகளைக் கோடுகளாகவும் வைத்து, கோடு கோடாகப் பின்தொடர்ந்து விடை தேடுவது. முகவர் என்பது அந்த வேலையைச் செய்யும் ஏஐ ஏஜென்ட். கிராஃப் கிரேக்க வேர்: எழுது, வரை. புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமான அமைப்புக்கு 1878-ல் இந்தப் பெயரை வைத்தவர் கணிதர் சில்வெஸ்டர். வேதியியல்காரர்கள் மூலக்கூறுகளுக்கு வரைந்த படங்களைப் பார்த்து வைத்தார். கணக்கு அதற்கும் மூத்தது, கோனிக்ஸ்பெர்க்கின் ஏழு பாலங்களைப் பற்றி ஆய்லர் எழுதியதிலிருந்து வருவது. நாலெட்ஜ் கிராஃப் என்ற பெயரை ஊரறியச் செய்தது 2012-ல் கூகுள். டிராவர்ஸ் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வேரில் ‘குறுக்கே’ என்ற பொருள் இருக்கிறது. வம்பே அந்தக் குறுக்கில்தான்.

கிராஃபுக்கு வரைபடம் வேண்டாம். இந்திய வரைபடம் என்றால் மேப், பள்ளிக் கணக்கில் வரைபடம் என்றால் எக்ஸ், ஒய் அச்சுகளோடு வருவது. மூன்றாவதாக இதையும் அதன் தலையில் கட்டுவானேன்? கோட்டுரு என்று நல்ல சொல் இருக்கிறது. கோடும் உருவும். கணிதத் தமிழில் புழங்குவதும் அதுதான். அறிவுக் கோட்டுரு என்று எழுதிவிட்டு மேலே போகலாம்.

கடத்தலுக்கு வருவோம். தமிழில் இது இரண்டு வினைகளின் பெயர். ‘கட’ என்பதிலிருந்தும் கடத்தல் வரும், ‘கடத்து’ என்பதிலிருந்தும் கடத்தல் வரும். நட, நடத்து இரண்டும் நடத்தல் ஆவதைப் போல. முதலாவது அருகிவிட்டது, இன்று கடத்தல் என்றால் தங்கம், செம்மரம், ஆள். “அகராதியில் தாண்டுதல் என்றும் பொருள் இருக்கிறதே” என்பார்கள். அகராதியில் இருப்பதெல்லாம் வாசகர் காதில் விழுவதில்லை. “வெப்பக் கடத்தல், மின்கடத்தி என்கிறோமே, அங்கே யாரும் சிரிக்கவில்லையே” என்று அடுத்த கேள்வி. அங்கே வெப்பம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகப்படுகிறது. கடத்து என்பது அங்கே சரியான வினை. கோட்டுருவில் எதுவும் கொண்டுபோகப்படுவதில்லை. எங்கே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகிறோம், அவ்வளவுதான்.

சரி, சிரிப்பை விடுங்கள். ‘கட’ என்ற நல்ல பொருளிலேயே எடுத்துக்கொண்டாலும் சொல் தவறு. ஆற்றைக் கடக்கிறவனுக்கு ஆறு முக்கியமில்லை, அக்கரைதான் முக்கியம். டிராவர்சலில் நடுவில் இருப்பதுதான் சரக்கு. சாலையைக் கடப்பதும் சாலை வழியே போவதும் ஒன்றா? லத்தீன் வேரில் குறுக்கு இருக்கிறது என்பதற்காக, கணினிக்காரர்கள் கைவிட்டுவிட்ட பொருளை நாம் தோண்டியெடுத்து மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம்.

நம்மூர்க் கோட்டுரு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அல்சூர் ஏரிக்கு அருகில் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்த வள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9-ல் திறக்கப்பட்டது. நான்கு நாளில், அதற்கு ஈடாகச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை. இரண்டு விழாக்களிலும் அன்றைய முதல்வர்கள் கருணாநிதியும் எடியூரப்பாவும் இருந்தார்கள். ஒவ்வொரு சிலையும் ஒரு கணு, அதாவது கோட்டுருவின் ஒரு புள்ளி; ஆட்களும் இடங்களும் கணுக்கள். சிலையிலிருந்து ‘விழாவில் பங்கேற்றவர்’ என்ற அம்புக்குறி எடியூரப்பாவை நோக்கி ஓடுகிறது. வள்ளுவர் சிலையில் தொடங்கும் ஏஐ முகவர் அந்த அம்பின் திசையில் எடியூரப்பாவிடம் போகும். அங்கிருந்து இன்னோர் அம்பை எதிர்த்திசையில் பிடித்துச் சர்வக்ஞர் சிலைக்குப் போகும். அங்கிருந்து ‘இருக்கும் இடம்’ என்ற அம்பு வழியாக அயனாவரம். கருவியின் ஆவணத்தில் எழுத வேண்டியது இதுதான்: எந்தக் கணுவில் தொடங்குவது, எந்த வகை இணைப்பைப் பிடிப்பது, அம்பின் திசையிலா எதிர்த்திசையிலா, எங்கே நிறுத்துவது. இதில் எந்த இடத்தில் ஐயா குறுக்கே போகிறோம்?

கருவியின் இந்த விளக்கத்தை மனிதர் மட்டும் படிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எந்தக் கருவியை எப்போது அழைப்பது என்று, முகவரின் மூளையாக இருக்கும் மொழி மாதிரியும் (லாங்குவேஜ் மாடல்) இதைப் படித்துத்தான் முடிவு செய்கிறது. அதே பட்டியலில் தரவை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்பும் கருவிக்கும் ‘தரவுக் கடத்தல்’ என்று பெயரிருந்தால் என்ன ஆகும்?

உலா என்று ஒரு நண்பர் சொன்னார். அழகான சொல்; தலைவன் தெருத்தெருவாகப் போவான், பேதை முதல் பேரிளம்பெண் வரை எழுவரும் பார்ப்பார்கள். ஆனால் உலாவி ஏற்கெனவே பிரவுசரிடம் போய்விட்டது, உலாவுதலில் ஒரு சாவகாசமும் இருக்கிறது. வலம் என்றால் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். என் தேர்வு வழிநடை. வழிநடைப் பயணம், வழிநடைச் செலவு என்று பழகிய சொல். குறுக்கே அல்ல, வழியோடு. ஒரே வழியில் கடைசிவரை போய்ப் பார்ப்பதை ஆழமுதல் வழிநடை என்றும், பக்கத்துக் கணுக்களையெல்லாம் முதலில் பார்ப்பதை அகலமுதல் வழிநடை என்றும் சொல்லலாம். பிடிக்கவில்லையா, டிராவர்சல் என்றே எழுதுங்கள். புரியாத தூய தமிழைவிடவும், தவறாகப் புரியும் தமிழைவிடவும் அது மேல்.

கோட்டுருவின் கோடான எட்ஜுக்கு விளிம்பு என்பதும் இதே நோய். மேசைக்கு விளிம்பு உண்டு. இரண்டு கணுக்களுக்கு நடுவில் இருப்பது இணைப்பு. கேட்டால், “சார், சொற்பட்டியல்ல அப்படித்தான் இருக்கு, மாத்தினா மென்பொருள் சிவப்புக் கோடு போடுது” என்கிறார்கள். அந்தப் பட்டியலை யாரோ அவசரத்தில் நிரப்பியிருக்கிறார். சொல்லுக்கு இத்தனை காசு என்று வாங்கும் மொழிபெயர்ப்பாளர் அதோடு சண்டை போட நேரம் ஒதுக்கமாட்டார். போட்டால் அன்றைய கூலி போச்சு. தவறு அவரிடம் இல்லை. ஆனால் அச்சாவது அவர் கைச்சொல்தான். (முகவர் என்று எழுதிவிட்டு ‘அழைக்கிறாரா’, ‘அழைக்கிறதா’ என்று குழம்புவது தனி வழக்கு. நான் ‘அழைக்கிறது’ கட்சி.)

ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குப் போகும் ஹாப்புக்குத் தாவல் என்று போடுகிறார்கள். பிரவுசரின் டேபுக்கும் அதே தாவல். பேச்சுத் தமிழில் இதற்கு வழி எப்போதோ இருக்கிறது: ரெண்டு வீடு தள்ளி, நாலு கடை தள்ளி. ஒவ்வொரு கணுவுக்கும் பத்து இணைப்பு என்றால் மூன்று கணு தள்ளிப் போவதற்குள் ஆயிரம் வழி விரிந்துவிடும், வரம்பு வைத்தே ஆகவேண்டும். ஆவணத்தில் இப்படி எழுதினால் போதும்: “மூன்று கணு தள்ளி வரை மட்டும் செல்லவும்.”