நெற்றி துடிக்கும், குரல் கேட்காது

முதுமலைக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போய் வந்த ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "தெப்பக்காடு முகாமில் யானைகளுக்குக் கவளம் கொடுப்பதைப் பார்த்தோம். ஒரு யானைக்குத் தும்பிக்கை தொடங்கும் இடத்தில் நெற்றித்தோல் படபடவென்று துடித்தது. சத்தமே இல்லை. அதற்கு உடம்பு சரியில்லையா?"

கவலை வேண்டாம். பெரும்பாலும் அது பேசிக்கொண்டிருந்திருக்கும்.

நம் காது 20 ஹெர்ட்ஸுக்குக் (நொடிக்கு 20 அதிர்வு) கீழே வேலை செய்யாது என்பது பள்ளியில் படித்ததுதான். அதற்கும் கீழே இருப்பது குற்றொலி. ஆசிய யானையின் உறுமல் ஏறத்தாழ 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். காதுக்கு எட்டாவிட்டாலும் அருகில் நின்றால் உடம்புக்குத் தெரியும், தேரோட்டத்தில் பெருமுரசின் பக்கம் நிற்கும்போது நெஞ்சுக்கூடு அதிர்வதைப் போல. 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து உயிரியல் பூங்காவில் விலங்கொலி ஆய்வாளர் கேட்டி பெய்ன் அந்த அதிர்வை உணர்ந்தார். அங்கே பதிவுசெய்த நாடாவை வேகமாக ஓடவிட்டபோது யானைகளின் குரல் வெளிப்பட்டது.

இத்தனை தாழ்ந்த ஒலி எப்படிப் பிறக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மூளை ஒவ்வொரு துடிப்புக்கும் தசையைச் சுண்டி இழுக்கிறதா, அல்லது நம்மைப் போல மூச்சுக்காற்றே குரல்நாண்களை அதிரவைக்கிறதா என்பது நெடுநாள் கேள்வி. உயிருள்ள யானையின் தொண்டைக்குள் எட்டிப் பார்க்க வழியில்லை. பெர்லின் உயிரியல் பூங்காவில் ஓர் ஆப்பிரிக்க யானை இயற்கையாக இறந்தபோது, அதன் குரல்வளையை ஆய்வாளர்கள் பெற்றார்கள். ஒரு குழாயில் பொருத்தி, மூச்சைப் போலவே வெதுவெதுப்பான ஈரக்காற்றை அதனுள் செலுத்தினார்கள். காற்று நாண்களைத் தள்ளித் திறந்தது, நாண்கள் தம் மீள்தன்மையால் மீண்டும் மூடின, மறுபடி திறந்தன. நொடிக்குச் சுமார் 16 முறை! மூளையும் இல்லை, நரம்பும் இல்லை. ஆனாலும் யானை உறுமியது. நாம் பேசுவதும் பாடுவதும் இதே முறையில்தான். நம் நாண்கள் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டாது, யானைக்கோ சுமார் பத்து. வீணையில் நீளமான கனத்த தந்தி மெதுவாக அதிர்வதுபோல, அந்த நாண்களும் மெதுவாகவே அதிர்கின்றன. இந்த ஆய்வு 2012-இல் வெளியானது.

17 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 20 மீட்டர். அரை மீட்டர் பருமனுள்ள தேக்கு மரம் அந்த அலைக்கு ஒரு தடையே அல்ல; சுற்றிக்கொண்டு போய்விடும். அதனால்தான் கண்ணுக்குத் தெரியாத தொலைவில் மேயும் யானைகளும் ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன.

நம் ஊர் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், யானைகள் நமக்குக் கேட்காத ஒலியில் தொடர்புகொள்ளக்கூடும் என்று 1972-லேயே எழுதிவிட்டார். காட்டில் நின்று கூர்ந்து கவனித்தே அவர் அதைச் சொன்னார். ஒலிப்பதிவுச் சான்று வேறு நாட்டிலிருந்து வந்தது. காட்டு விலங்கை ஆண்டுக்கணக்கில் கவனிக்கும் வேலைக்கு நாம் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

அடுத்த முறை தெப்பக்காட்டுக்குப் போகும்போது ராகி, கொள்ளுக் கவளங்களின் கணக்கைப் பாகன் சொல்லி முடித்ததும், பிள்ளைகளை ஒரு நிமிடம் பேசாமல் நிற்கச் சொல்லுங்கள். எல்லோரும் தும்பிக்கை நுனியைத்தான் பார்ப்பார்கள். நெற்றியைப் பார்க்கச் சொல்லுங்கள்.