ஆயில் ஃபினிஷ்: எண்ணெய் மெருகு

வடசென்னை மரப்பட்டறைகளில் மரத்தின் மேல் எதைத் தடவினாலும் அது வார்னிஷ்தான். கானாவுக்கென்று குடைந்து செய்த டோலக் கட்டையை எடுத்துப்போய் ஆயில் ஃபினிஷ் வேண்டும் என்று கேட்டால், "ரெண்டு கோட் வார்னிஷ் உட்டா கண்ணாடியாட்டம் இருக்கும்ணா" என்று பதில் வரும். கண்ணாடியாட்டம் இருக்கும், உண்மைதான். ஆனால் ஆயில் ஃபினிஷ் கேட்பவருக்கு அந்தக் கண்ணாடிதான் வேண்டாம்.

வார்னிஷ் என்பது பிசின் கலந்த நீர்மம். காய்ந்ததும் மரத்தின் மேல் தனிப் படலமாக நிற்கும். இச்சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இடைக்கால இலத்தீனில் 'வெர்னிக்ஸ்' என்றால் மணமுள்ள பிசின். அதற்கும் பின்னால் போனால் பெரெனிகே என்ற கிரேக்கப் பெயர் கொண்ட ஊர் நிற்கிறது என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. லிபியாவின் இன்றைய பெங்காசிதான் அது. தமிழ் அகராதிகள் வார்னிஷுக்கு மெருகெண்ணெய் என்று பொருள் தருகின்றன.

ஆயில் ஃபினிஷில் படலம் கட்டுவதில்லை. எண்ணெய் மரத்துக்குள் இறங்கி அங்கேயே இறுகுகிறது. ஆகவே இதைத் தமிழில் 'எண்ணெய்ப் பூச்சு' என்பது எனக்கு ஒப்பவில்லை. சுவர்ப்பூச்சு, முகப்பூச்சு என்று மேலே நிற்பதைத்தான் பூச்சு என்கிறோம். 'ஃபினிஷ்' இலத்தீனில் 'முடித்தல்' என்ற வினையிலிருந்து வந்தது என்பதால் 'எண்ணெய் முடிப்பு' என்று ஆக்குவது அதைவிட மோசம். பொற்கொல்லர் பட்டறையில் வேலை முடிவில் மெருகு போடுகிறார்களே, அந்த மெருகு இங்கேயும் பொருந்தும். எண்ணெய் மெருகு என்பதே என் தேர்வு. மெருகெண்ணெய் பூசும் பொருளின் பெயர். எண்ணெய் மெருகு வேலையின் பெயர்.

எந்த எண்ணெய் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். எள்ளின் நெய் என்பதே எண்ணெய் ஆயிற்று. ஆனால் நல்லெண்ணெய் மரத்தில் சரியாக உலராது, பிசுபிசுக்கும். தேங்காயெண்ணெய் உலரவே உலராது. தேவைப்படுவது காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகும் எண்ணெய். லின்சீட் ஆயில் அப்படிப்பட்டது. 'லின்' என்றால் ஆளிச்செடி, 'சீட்' விதை. தமிழில் நேராக ஆளிவிதை எண்ணெய். ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைகளில் ஆளிவிதை என்று கேட்டால் உடனே புரியும். பெயின்ட் கடையில் லின்சீட் என்றால்தான் டின் வரும். கடலோரங்களில் மரப்படகுக்குப் பூசும் மீன் எண்ணெயும் காற்றில் இறுகக்கூடியதுதான். அந்த வாடையோடு யார் டோலக் வாசிப்பது?

'பாயில்டு லின்சீட்' என்று டின்னில் இருப்பதைக் 'கொதித்த எண்ணெய்' என்று எழுதுவது தவறு. இன்று விற்பதில் பெரும்பாலானவை விரைவில் உலர உலோக உப்புகள் சேர்த்தவை. 'விரைந்துலரும் ஆளி எண்ணெய்' எனலாம். பெயரை நம்பி வீட்டில் அடுப்பேற்ற வேண்டாம்.

வேலை எளிது. தோல் கட்டுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். 220, பிறகு 320 எண் உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைத் துடைத்து, துணியில் கொஞ்சமாக எண்ணெய் தொட்டு மரத்தின் ரேகைப் போக்கில் தேய்க்கலாம். கால் மணி நேரம் விட்டு, மேலே மிஞ்சியதை ஒட்டத் துடைக்க வேண்டும். துடைக்காத இடம் பிசினாகிவிடும். ஒரு நாளாவது உலரவிட்டு மறுபடி, இப்படி மூன்று நான்கு தடவை. ஐப்பசி மழையில் ஒரு நாள் போதாது. ஈட்டி மரத்தில் இன்னும் தாமதமாகும், அந்த மரத்தின் இயல்பான சத்துகளே எண்ணெய் இறுகுவதைத் தடுக்கும்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கிறது. சுருட்டிய துணியில் அது வெளியேற வழியில்லாமல் தானே தீப்பற்றும். வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துப் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகு குப்பையில் போடுங்கள்.