வௌவால் வீட்டுக்குள் வந்தால்: ஜன்னலைத் திறக்கும் முன் ஒரு கேள்வி

விளக்குமாற்றால் அடித்து, தலை நசுங்கிய வௌவாலைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து குப்பையில் போட்டுவிட்டு, அதற்கப்புறம் கால்நடை மருத்துவரான என்னைக் கூப்பிட்டு "இனி பயமில்லையே டாக்டர்?" என்கிறார்கள். இன்னும் சிலர் ஜன்னலைத் திறந்து விரட்டிவிடுகிறார்கள். அந்த அறையில்தான் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது என்பதை மறுநாள் பேச்சோடு பேச்சாகச் சொல்கிறார்கள். ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) இருக்கிறதா என்று பரிசோதனைக்கு அனுப்பியிருக்கலாம் என்று சொல்ல வாயெடுக்கும்போது கையில் வௌவால் இருக்காது.

ஆகவே ஜன்னல் பக்கம் போகும் முன் ஒரே ஒரு கேள்வி. வௌவால் இருந்த அறையில் யாராவது தூங்கிக்கொண்டிருந்தார்களா? தனியாக விடப்பட்ட குழந்தை, குடிபோதையில் கிடந்தவர், நினைவு தடுமாறும் முதியவர் யாராவது? விழித்திருந்தவர் என்றால், அவர் மேல் அது பட்டதா, அவர் அதை வெறுங்கையால் தொட்டாரா? எல்லாவற்றுக்கும் திட்டவட்டமாக "இல்லை" என்று சொல்ல முடிந்தால் வௌவாலை வெளியே அனுப்பலாம். சொல்ல முடியாவிட்டால் கதவையும் ஜன்னலையும் மூடி அதை உள்ளேயே வையுங்கள்.

இந்த இடத்தில் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "நல்லா பாத்துட்டோம், கடிச்ச தடமே இல்ல." தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். நாய் கடித்தால் தெரியும். தோல் கிழியும், ரத்தம் வரும், வலி உயிர் போகும். அந்தக் கணக்கை வௌவாலிடம் போடக் கூடாது. வீட்டுக்குள் வழிதவறி வருவது பெரும்பாலும் பூச்சி தின்னும் சிறு வௌவால். அவற்றில் பல 10 கிராம்கூட இருக்காது. அதன் பல் ஊசிமுனை அளவு. கடித்த இடத்தில் சிறு புள்ளி விழலாம். அதுவும் சீக்கிரமே கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். தூங்குகிறவர் விழிக்காமலே போகவும் வாய்ப்புண்டு. தலைமுடிக்குள், காதுமடலுக்குப் பின்னால், விரலிடுக்கில் என்றால் டார்ச் அடித்துத் தேடினாலும் அகப்படாது. தேடுவது தவறில்லை. தேடிக் கிடைக்கவில்லை என்பதைக் கடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வதுதான் தவறு. உலக சுகாதார நிறுவனம் ரேபிஸ் ஆபத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறது. வௌவாலோடு நேரடித் தொடர்பு அதில் மூன்றாம் வகை, அதாவது ஆழமான நாய்க்கடி இருக்கும் அதே வகை. காயம் இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

"வௌவாலுக்கு எதற்கு நாய்க்கடி ஊசி?" என்பது அடுத்த கேள்வி. மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 விழுக்காடு வரை நாய்கள் மூலமே வருகிறது என்பது உண்மை. ஆனால் நாய் ரேபிஸை ஒழித்துவிட்ட நாடுகளில் மிஞ்சி நிற்பது வௌவால்தான். அமெரிக்காவில் உள்நாட்டிலேயே தொற்றி ரேபிஸால் இறப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது வௌவாலிடமிருந்து வந்ததுதான். ஆஸ்திரேலிய வௌவால்களில் 1996-இல் கண்டறியப்பட்ட லிஸ்ஸா வைரஸும் ரேபிஸ் போன்ற நோயையே தருகிறது. அதற்கும் நாய்க்கடிக்குப் போடும் அதே தடுப்பூசிதான். ரேபிஸ் உள்ள வௌவால்கள் மிகச் சிலவே, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பகலில் தரையில் கிடப்பது, பறக்க முடியாதது, கைக்கு எட்டும்படி இருப்பது ஆகியவற்றில் நோயுள்ளவை அதிகம். நம் கையில் சிக்குவதும் அவைதான்.

கடி, கீறல், எச்சில் பட்ட இடம் எதுவானாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பயத்தில் இரண்டு நிமிடமே கால்மணி நேரமாகத் தோன்றும். பொடி, பச்சிலை எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே மனித மருத்துவரிடம் போய் "வௌவால்" என்ற சொல்லைச் சொல்லுங்கள். "ஏதோ பூச்சி" என்று சொன்னால் பூச்சிக்கடிக்கான மருந்துதான் கிடைக்கும். தடுப்பூசியை ஒரே நாளில் முடிக்க முடியாது, குறித்த நாட்களில் தவணையாகப் போட வேண்டும். முன்பு போட்டுக்கொள்ளாதவர்களுக்குக் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, வைரஸை உடனே எதிர்க்கும் எதிர்ப்புப்பொருள் ஊசியும் தேவைப்படும். அறிகுறி தெரிய பொதுவாக 2, 3 மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வாரத்திலேயே வரும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். அறிகுறி வந்தபின் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை. "நல்லாத்தானே இருக்கான்" என்று காத்திருப்பதில் பொருளில்லை.

வௌவாலைப் பரிசோதிக்க வேண்டுமானால் தலை முழுசாக இருக்க வேண்டும், ஏனென்றால் பரிசோதனை நடப்பது மூளைத் திசுவில். அடிக்காதீர்கள் என்று நாங்கள் கத்துவது அதன் மேலுள்ள பரிவால் மட்டும் இல்லை. உயிரோடு இருந்தால் பின்னால் சொல்லும் பெட்டி முறையில் பிடித்து வையுங்கள், வெளியே விடாதீர்கள். ஏற்கெனவே இறந்துவிட்டிருந்தால் கையுறையோடு எடுத்து, இரண்டு பைகளில் போட்டு, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே குளிர்ச்சியாக வையுங்கள். ஃப்ரீசரில் உறைய வைக்காதீர்கள். உள்ளூர் சுகாதாரத் துறையைக் கேட்டு அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள்.

யார் மேலும் படவில்லை என்பது உறுதியா? அப்படியானால் வேலை சுலபம். முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். விசிறி இறக்கை அடித்துச் சிறகெலும்பு நொறுங்கிய வௌவால் பிழைப்பது அபூர்வம். பிள்ளைகளையும் நாய் பூனையையும் வெளியே அனுப்பி, வீட்டின் மற்ற அறைகளுக்குப் போகும் கதவை மூடுங்கள். வெளியே திறக்கும் ஜன்னலை முழுதாகத் திறந்து கொசுவலையையும் கழற்றுங்கள் (இதை மறந்துவிட்டு "போகவே மாட்டேங்குது" என்பவர்கள் ஏராளம்). அறை விளக்கை அணைத்துவிட்டு, சுவர் ஓரமாக அசையாமல் நில்லுங்கள். அறைக்குள் சுற்றும் வௌவால் சுவர் பக்கம் உயர்ந்தும் நடுவில் தாழ்ந்தும் பறக்கும். நடு அறையில் நிற்பவருக்கு அது முகத்தில் பாய வருகிற மாதிரி இருக்கும், பாய்வதில்லை. துண்டை வீசினால் களைத்துப்போய் அலமாரிக்குப் பின்னால் ஒளியும், அப்புறம் விடிய விடியத் தேட வேண்டியதுதான். விட்டுவிட்டால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகவே வழி கண்டுபிடித்துவிடும்.

திரைச்சீலையிலோ சுவரிலோ ஒட்டிக்கொண்டதைப் பிடிக்க, தடித்த தோல் கையுறை வேண்டும். பருத்திக் கையுறை, மெல்லிய துண்டு எல்லாம் பல்லுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஓர் அட்டைப்பெட்டியை அதன் மேல் கவிழ்த்து, கெட்டி அட்டையை மெல்லச் செருகி மூடுங்கள். உள்ளே பிடித்துத் தொங்க ஒரு துணி, மூடியில் பென்சில் முனை அளவில் சில துளைகள், போதும். பால் ஊற்ற வேண்டாம். அசையாமல் சில்லென்று கிடந்தால் இறந்துவிட்டது என்று கையில் எடுக்காதீர்கள். உடல் வெப்பத்தைக் குறைத்து உறங்கும் வழக்கம் பல வௌவால்களுக்கு உண்டு, சூடேறியதும் விழிக்கும். மழையில்லாத நாளில், இருட்டிய பிறகு, பெட்டியை ஆள் உயரத்துக்கு மேல் சாய்த்து வையுங்கள். பல இனங்களுக்குத் தரையிலிருந்து எழும்பிப் பறப்பது கடினம், கீழே விழுந்துதான் சிறகு விரிக்கும். மேலே வீசி எறிவது உதவி ஆகாது. அடிபட்டிருந்தால் வனவிலங்கு மீட்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

திரும்பத் திரும்ப வருகிறதென்றால் கூரையிலோ சுவர் இடுக்கிலோ கூட்டம் தங்கியிருக்கிறது. விரல் நுழையும் இடுக்கே அவற்றுக்கு வாசல். அந்துருண்டை, மீயொலிக் கருவி இரண்டும் பணத்துக்குக் கேடு. பசைத் தட்டு வைப்பவர்களிடம் பேசவே எனக்குப் பொறுமை இல்லை. குட்டிகள் பறக்கத் தொடங்காத பருவத்தில் இடுக்கை அடைத்தால் தாய் வெளியே, குட்டி உள்ளே; பட்டினியில் செத்து நாறும், தவழ்ந்து படுக்கையறைக்கே வரும். அந்தப் பருவம் கழிந்ததும் வலையை மேலேயும் பக்கங்களிலும் ஒட்டி, கீழே திறந்தபடி தொங்கவிடுங்கள்: வெளியேற முடியும், திரும்ப நுழைய முடியாது. ஒரு வாரம் விட்டு, காலியானதைப் பார்த்து அடையுங்கள். எச்சத்தைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள், அந்தத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம். என்95 முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்து அள்ளுங்கள்.

பூனை பிடித்துக் கொண்டுவந்த வௌவால் என்றால் பூனையின் வாயை நோண்டிப் பார்க்க வேண்டாம். ஏற்கெனவே ரேபிஸ் தடுப்பூசி போட்டதா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த ஊசியும் கண்காணிப்பு நாட்களும் முடிவாகும். அன்றைக்கே பூனையைக் கூண்டில் வைத்துக் கொண்டு வாருங்கள், தடுப்பூசி அட்டையோடு.