நெருஞ்சி முள்ளும் அரை மில்லிமீட்டரும்

வெறுங்காலில் நெருஞ்சி முள் ஏறியவர்களுக்கு அந்தக் காயின் கெட்டித்தனத்தைச் சொல்லவே வேண்டாம். காய்ந்ததும் துண்டு துண்டாகப் பிரியும். விதை, முள் காவலோடு உள்ளே இருக்கும். ஈக்வடாருக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுகளில் டாப்னே மேஜர் என்றொரு சின்னப் பாறைத்தீவு. அங்கேயும் நெருஞ்சிக்குப் பங்காளியான செடி ஒன்று உண்டு. 1977இல் அந்தத் தீவுக் குருவிகளில் எது பிழைக்கும் என்பது இந்தக் காயின் கையில் இருந்தது.

உயிரியலாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் அங்கே ஃபிஞ்ச் குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து பறக்கவிட்டு வந்தார்கள். ஒரே இனம்தான், ஆனால் நம் மூக்கு மாதிரி, ஒன்றின் அலகு போல் இன்னொன்றுக்கு இல்லை. இதுதான் மாறுபாடு. மரபணுவில் அவ்வப்போது நேரும் சடுதிமாற்றம் இதற்கு ஊற்று. தடித்த அலகுள்ள ஜோடிக்குப் பெரும்பாலும் தடித்த அலகுள்ள குஞ்சே பிறக்கும். இது மரபுவழி.

1977இல் மழை பொய்த்தது. சின்ன, மெல்லிய விதைகளைக் குருவிகள் முதலில் தின்று தீர்த்தன. மிச்சம் பெரும்பாலும் நெருஞ்சிக்காய். முள்ளோடு அதைக் கவ்வித் திருகி உடைக்க, மேலிருந்து கீழாக நல்ல தடிமனுள்ள அலகு வேண்டும். ஆயிரத்துக்கு மேல் இருந்த கூட்டத்தில் சுமார் 85 சதவீதம் செத்துப்போனது. பிழைத்தவற்றின் சராசரி அலகுத் தடிமன், முன்பிருந்ததைவிட அரை மில்லிமீட்டர் அதிகம்.

பலர் தடுமாறும் இடம் இதுதான். பஞ்சத்தில் எந்தக் குருவிக்கும் அலகு வளரவில்லை. மெல்லிய அலகுக்காரர்கள் போய்ச் சேர்ந்ததால் சராசரி நகர்ந்தது. அது இயற்கைத் தேர்வு. அடுத்த ஆண்டு பிறந்த குஞ்சுகளும் தடித்த அலகோடு வந்தனவே, அதுதான் பரிணாமம். முதலாவது நடந்தும் இரண்டாவது நடக்காமல் போகலாம். பிள்ளைக்குக் கடத்த முடியாத பண்பென்றால் தேர்வு அந்தத் தலைமுறையோடு சரி.

'பரிணாம வளர்ச்சி' என்று எழுதும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. 'வளர்ச்சி' என்றதுமே ஏணி ஞாபகம் வந்துவிடுகிறது. இலங்கைப் பாடநூல்களில் வரும் 'கூர்ப்பு' எவ்வளவோ தேவலை. 'வலியது பிழைக்கும்' என்பதும் அரைகுறைதான். உயிரியலில் தகுதி என்பது எத்தனை வாரிசை விட்டுச் செல்கிறோம் என்ற கணக்கு, அதுவும் அந்த இடத்துக்கு, அந்தக் காலத்துக்கு மட்டும். 1983இல், பசிபிக் கடல் சூடேறுவதால் வரும் எல் நினோ மழை கொட்டியது. தீவெங்கும் சின்ன விதைச் செடிகள் மண்டின. அடுத்து வந்த வறட்சியில் சின்ன அலகுக்காரர்கள்தான் ஜெயித்தார்கள்.

அப்புறம் 2004இல் மறுபடி வறட்சி. இந்த முறையும் நெருஞ்சி இருந்தது. ஆனால் அதற்குள் இன்னும் பெரிய அலகுள்ள வேறொரு ஃபிஞ்ச் இனம் தீவில் குடியேறியிருந்தது. நெருஞ்சிக்காயை அது காலி செய்துவிட, நம் குருவிகளில் தடித்த அலகுள்ளவைதான் அதிகம் பட்டினி கிடந்து செத்தன. கூட்டத்தின் சராசரி அலகு மறுபடி சிறுத்தது.