தாமதத்துக்குத் தனியாக பில் வராது

"சார், வேலிடிட்டியை இன்னும் ஒரு 90 நாள் நீட்டிச்சுக் குடுத்துடுங்க."

"குடுக்கலாம் சார். ஆனா டைட்டானியம் விலை ஏறிடுச்சே."

"விலையில மட்டும் கை வைக்காதீங்க. எல்-1 மாறிடும். ஃபைல் திரும்ப முதல்லேர்ந்து போகும்."

எல்-1 என்றால் டெண்டரில் எல்லோரையும்விடக் குறைந்த விலை சொன்னவர். ஒரே ஒரு கொட்டேஷனுக்காக இதே உரையாடலை ஏழு முறை பேசியிருக்கிறேன். நான் காஸ்ட் அக்கவுண்டன்ட். விமானப் பாகங்களைக் கடைந்து கொடுக்கும் சிறு நிறுவனங்களுக்கு விலை போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. மேலே பேசியது உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு பிராக்கெட்டைப் பற்றி. 240 எண்ணம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஃபைல் மேஜை மேஜையாக நகர்ந்து, ஒருவழியாக ஆர்டர் வந்தபோது எண்ணிக்கை 64.

முதலாளிக்கு ஆர்டர் வந்த சந்தோஷம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. பாகத்தைப் பிடித்துக் கடைய ஒரு ஃபிக்ஸ்சர் வேண்டும். முதல் பாகத்தைச் செய்து, ஒவ்வொரு அளவையும் எடுத்து எழுதி, ஒப்புதல் வாங்க வேண்டும். இந்தச் செலவு 240 செய்தாலும் அதேதான், 64 செய்தாலும் அதேதான். உலோகம் விற்பவரோ இத்தனை கிலோவுக்குக் குறைந்து தரமாட்டேன் என்பார். மொத்தத் தொகை குறைந்தது, ஒரு பாகத்தின் அடக்கவிலை ஏறியது. "ஏன் சார் ஒண்ணுக்கு இவ்வளவு ஆகுது?" என்று கேட்டவரும் ஆர்டர் கொடுத்த அதே அலுவலகத்துக்காரர்தான்.

போர் விமானக் கொள்முதல் பற்றி டிவியில் இரண்டு கட்சிக்காரர்கள் கத்திக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு அந்த பிராக்கெட்தான் ஞாபகத்துக்கு வரும்.

நம் நாட்டின் பெரிய உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 126 நடுத்தரப் போர் விமானங்கள் வேண்டும் என்று இந்தியா டெண்டர் விட்டது 2007 ஆகஸ்டில். மதிப்பீடு சுமார் 42,000 கோடி ரூபாய். 18 விமானங்கள் பறக்கும் நிலையில் வரும், மீதி 108-ஐ இங்கே அரசு விமான நிறுவனமான எச்ஏஎல் தயாரிக்கும் என்பது திட்டம். ரஃபேல், யூரோஃபைட்டர், எஃப்-16, எஃப்/ஏ-18, மிக்-35, கிரிபென் என்று ஆறு விமானங்கள் போட்டியில் இருந்தன. பெங்களூரு வெயில், ஜெய்சல்மேர் பாலைவனம், லே குளிர் என எல்லா இடத்திலும் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 2010-ஆம் ஆண்டில் மட்டும் கேமரன், ஒபாமா, சார்க்கோசி, மெத்வதேவ் நான்கு பேரும் இந்தியா வந்து போனார்கள். அவரவர் நாட்டு விமானம் போட்டியில் இருந்தது. 2011 ஏப்ரலில் ரஃபேலும் யூரோஃபைட்டரும் மட்டும் தேறின. 2012 ஜனவரி கடைசியில் விலைப்புள்ளியைத் திறந்ததில் ரஃபேல் எல்-1.

இதற்கே நாலரை வருடம். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்த இடத்தில்தான் சிக்கல் ஆரம்பித்தது. எச்ஏஎல் இங்கே செய்யப்போகும் 108 விமானங்களின் தரத்துக்கும் காலக்கெடுவுக்கும் யார் பொறுப்பு என்பதில், ரஃபேலைத் தயாரிக்கும் டசோ நிறுவனத்துடன் பேச்சு நின்றது. இன்னொரு முட்டுக்கட்டை வேலை நேரக் கணக்கு. அதே விமானத்தைச் செய்ய பிரான்ஸில் ஆகும் மனித உழைப்பு மணிகளைப்போல 2.7 மடங்கு இங்கே ஆகும் என்று பின்னாளில் அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. இதைப் படித்து எச்ஏஎல்-ஐத் திட்டியவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவாகக் கோபம் வரவில்லை. எந்தத் தொழிற்சாலையிலும் ஒரு பாகத்தை முதல் முறை செய்ய ஆகும் நேரமும் ஐம்பதாவது முறை ஆகும் நேரமும் ஒன்றல்ல. என் கேள்வி வேறு. 108 விமானங்களை உள்நாட்டில் செய்வது என்று 2007-லேயே முடிவெடுத்தவர்கள், அந்த மணிக்கணக்கை யார் தலையில் எழுதுவது என்பதை அப்போதே டெண்டரில் தெளிவாகக் கட்டிப்போட்டிருக்க வேண்டாமா? எல்-1 அறிவித்த பிறகு அதைப் பேச உட்கார்ந்தால், எந்தக் கணக்கை மாற்றினாலும் எல்-1 தானே மாறிவிடும்? பிராக்கெட் கதைதான்.

மூன்று வருடம் அப்படியே போனது. 2014 பிப்ரவரியில் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோணி, அந்த நிதியாண்டுக்கான பணம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது, ஏப்ரலுக்குப் பிறகுதான் பார்க்க முடியும் என்றார். ஏப்ரலில் தேர்தல். ஆட்சி மாறியது. 2015 ஏப்ரல் 10-ஆம் தேதி பாரிஸில் பிரதமர் மோடி, பறக்கும் நிலையில் 36 விமானங்கள் வாங்குவதாக அறிவித்தார். 126-க்கும் போனால் சுமார் 90,000 கோடி ஆகும் என்றார் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர். பழைய டெண்டர் மூடப்பட்டது. 2016 செப்டம்பரில் 36 விமானங்களுக்கு சுமார் 59,000 கோடி ரூபாயில் அரசுகளுக்கு இடையேயான ஒப்பந்தம் கையெழுத்தானது. முதல் ஐந்து விமானங்கள் அம்பாலாவில் இறங்கியது 2020 ஜூலை 29. கடைசி விமானம் வந்து சேர்ந்தது 2022 டிசம்பர்.

அப்புறம் நடந்த அரசியல் எல்லோருக்கும் தெரியும். ஒப்பந்தத்தை விசாரிக்கக் கேட்ட மனுக்களை உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் தள்ளுபடி செய்தது. அடுத்த ஆண்டு சீராய்வு மனுக்களும் போயின. புதிய ஒப்பந்தம் பழையதைவிட 2.86 சதவீதம் மலிவு என்று 2019-ல் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கை சொன்னது. விலை விவரங்கள் அதில் மறைக்கப்பட்டிருந்தன. இந்தியாவுக்கென்றே கேட்ட மாற்றங்களுக்கான ஒருமுறைச் செலவை 126 விமானங்களுக்குப் பதில் 36 விமானங்கள் மேல் ஏற்றினால் ஒரு விமானத்தின் விலை கூடத்தானே செய்யும் என்று இன்னொரு தரப்பு கேட்டது. யார் சரி என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. இரண்டு தரப்பும் விலையைப் பற்றி மட்டுமே பேசியது, 2007-க்கும் 2016-க்கும் நடுவே போன ஒன்பது வருடத்துக்கு யாரும் விலை போடவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல்.

போட்டுப் பார்ப்போம். இது நானாக வைத்துக்கொள்ளும் கணக்கு, எந்த ஒப்பந்தத்திலும் உள்ளதல்ல. வெளிநாட்டில் இன்று 100 ரூபாய்க்கு வரும் ஒரு பொருளின் விலை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வையுங்கள். ஒன்பது வருடத்தில் 155 ஆகிவிடும். இதற்கு மேல் நாணய மாற்று. 2007 நடுவில் ஒரு யூரோ ஏறத்தாழ 55 ரூபாய், 2016 செப்டம்பரில் ஏறத்தாழ 75. 155-ஐ அந்த விகிதத்தில் பெருக்கினால் 211. யாரும் லஞ்சம் வாங்கவில்லை, யாரும் ஏமாற்றவில்லை, பொருளிலும் ஒரு மாற்றமும் இல்லை. வெறுமனே காத்திருந்ததில் விலை இரண்டு மடங்கு. இந்த 111 ரூபாய் எந்த ஃபைலிலும் தனி வரியாக இருக்காது. மொத்த விலைக்குள் கரைந்து, 'விற்பவன் கொள்ளையடிக்கிறான்' என்ற தோற்றத்தில் வெளியே வரும்.

சரி, தாமதம் இவ்வளவு செலவு என்றால் ஏன் யாரும் அவசரப்படுவதில்லை? இதைப் புரிந்துகொள்ள ஒரு கொள்முதல் ஃபைலின் குறிப்புப் பக்கங்களைப் பார்க்க வேண்டும். கையெழுத்துப் போட்டவர் பெயர் அதில் இருக்கும். 'மேலும் பரிசீலிக்கலாம்' என்று எழுதி அடுத்த மேஜைக்குத் தள்ளியவர் பெயரும் இருக்கும். பத்து வருடம் கழித்து விசாரணை வந்தால் முதல் ஆளைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டாவது ஆள் நிம்மதியாக பென்ஷன் வாங்குவார். சிபிஐ, சிவிசி (மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம்), சிஏஜி என்று டெல்லியில் மூன்று 'சி'க்களைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்புக்குள் பயம் இருக்கிறது.

அந்தப் பயத்தின் வேர் போஃபர்ஸ். 1986-ல் பீரங்கி ஒப்பந்தம், 1987-ல் லஞ்சக் குற்றச்சாட்டு, 1989 தேர்தலில் ராஜீவ் காந்தி ஆட்சி போனது. அதன் பிறகு வெளிநாட்டிலிருந்து அடுத்த பெரிய பீரங்கிகள் ராணுவத்தில் சேர்ந்தது 2018-ல். முப்பது வருடம்! கண்காணிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லஞ்சம் வாங்குபவனைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் பிடிக்கும் ஏற்பாடு, நேர்மையாக முடிவெடுப்பவரையும் சேர்த்துப் பயமுறுத்துகிறது. விமானப்படைக்கு எரிபொருள் நிரப்பும் டேங்கர் விமானங்கள் வாங்கும் டெண்டர் இரண்டு முறை முடிவுக்கு அருகில் வந்து, இரண்டு முறையும் ரத்தானது. வாங்கும் விலையைப் பார்ப்பதா, ஆயுள் முழுக்க ஓட்டும் செலவைப் பார்ப்பதா என்ற குழப்பமும் அதில் ஒரு காரணம்.

பணத்தின் பக்கமும் ஒரு முடிச்சு இருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு மொத்தம் 6.81 லட்சம் கோடி. கேட்டால் மலைப்பாக இருக்கும். இதில் பென்ஷன் மட்டும் 1.6 லட்சம் கோடிக்கு மேல். புதிதாகக் கருவிகள் வாங்குவது உள்ளிட்ட மூலதனச் செலவுக்கு 1.8 லட்சம் கோடி, அதுவும் முப்படைகளுக்கும் சேர்த்து. ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்களின் தவணைகள் அதிலிருந்துதான் முதலில் போகும். மிச்சத்தில் புதுசு. மார்ச் 31-க்குள் செலவாகாத பணம் காலாவதி. பத்து வருடம் பேசி வாங்கும் பொருளுக்கு ஒரு வருட ஆயுள் கொண்ட பட்ஜெட். காலாவதியாகாத தனி நிதி ஒன்று வேண்டும் என்று 15-ஆவது நிதிக்குழுவே பரிந்துரைத்தது.

இது நம் நாட்டு வியாதி மட்டுமல்ல. கனடா 2010-ல் எஃப்-35 வாங்குவதாக அறிவித்து, 2015 தேர்தலில் அதை வாங்கமாட்டோம் என்று சொன்ன கட்சி ஜெயித்து, நடுவில் ஆஸ்திரேலியா ஓட்டிய பழைய எஃப்-18-களை வாங்கிச் சமாளித்து, 2023-ல் அதே எஃப்-35-ஐத்தான் வாங்குவதாக அறிவித்தது. சுவிட்சர்லாந்தில் 2014-ல் மக்களிடம் ஓட்டெடுப்பே நடத்தி கிரிபென்னை நிராகரித்தார்கள்.

காத்திருக்கும் காலத்தில் வானம் காலியாக இருக்க முடியாதே? பழையதை வைத்து ஓட்ட வேண்டும். 1963-ல் சேர்ந்த மிக்-21 ரகம் 2025 செப்டம்பர் 26-ஆம் தேதிதான் சண்டிகரில் ஓய்வு பெற்றது. 62 வருடம். பிரான்ஸில் ஓய்வு பெற்ற மிராஜ், ஜாகுவார் போர் விமானங்களை உதிரிபாகத்துக்காகக் கொண்டு வந்தோம். உற்பத்தியே நின்றுபோன பாகத்துக்கு விலை கேட்டு என்னிடம் வருவார்கள். வரைபடம் மங்கியிருக்கும், பழைய உலோகக் குறியீட்டுக்கு இன்று நேர் இணை இருக்காது. பத்தே பத்து எண்ணம் கேட்பார்கள். அப்படிப்பட்ட பாகத்துக்கு நான் போடும் விலையைப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கும். இந்தச் செலவு வேறு தலைப்பில், பராமரிப்பு என்ற பெயரில், ஆண்டுதோறும் போகும். புதிய விமானம் வாங்காததால் ஆன செலவு என்று யாரும் எழுதமாட்டார்கள். விமானப்படையில் போர் விமானப் படைப்பிரிவுகள் (ஸ்குவாட்ரன்) 42 இருக்க வேண்டிய இடத்தில் மிக்-21 போன பிறகு 29.

உள்நாட்டிலேயே செய்தால் தீர்ந்துவிடுமா என்று கேட்பார்கள். ஓரளவுக்கு. சூலூர் விமானப்படைத் தளத்தின் பக்கம் இருப்பவர்கள் இங்கேயே செய்த தேஜஸ் போர் விமானத்தின் சத்தத்தைத் தினமும் கேட்கிறார்கள். ஆனால் தேஜஸின் இன்ஜின் அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்துடையது. 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம், 99 இன்ஜின்களுக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் ஆர்டர். முதல் இன்ஜின் வந்தது 2025 மார்ச்சில். சட்டை நம்முடையது, பொத்தான் அடுத்தவரிடம். ஒரு திட்டம்கூடச் சொன்ன தேதியில் முடிந்ததாக நினைவில்லை என்று விமானப்படைத் தளபதி ஏ.பி.சிங் 2025 மே மாதம் மேடையிலேயே போட்டு உடைத்தார். அதற்குப் பிறகும் 2025 செப்டம்பரில் 62,370 கோடிக்கு இன்னும் 97 விமானங்கள் ஆர்டர் ஆகின. வேறு வழியும் இல்லை.

வாசகர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். 'இத்தனை கோடிக்கு இத்தனை விமானம்' என்று தலைப்பு வந்ததும் கால்குலேட்டரை எடுத்து வகுக்காதீர்கள். என் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இது வாடிக்கை. 2025 ஏப்ரலில் கடற்படைக்காக 26 ரஃபேல்-எம் விமானங்களுக்கு சுமார் 63,000 கோடியில் ஒப்பந்தம் வந்தபோது, என் மைத்துனர் அரை மணி நேரத்தில் வகுத்து அனுப்பிவிட்டார்: 'ஒண்ணு 2,400 கோடியாம் மாமா!' அந்த ஒப்பந்தத்தில் ஆயுதங்கள், சிமுலேட்டர், பயிற்சி, பராமரிப்பு ஏற்பாடு எல்லாம் அடங்கியிருக்கின்றன. விமானப்படையிடம் ஏற்கெனவே இருக்கும் ரஃபேல்களுக்கான கூடுதல் கருவிகளும் அதே தொகைக்குள்தான் வருகின்றன. அந்தக் கருவிகளின் விலையை 26-ஆல் வகுப்பதா, 36-ஆல் வகுப்பதா என்று திருப்பிக் கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.